கோணல் வரப்பும் பாதிச் செலவும்

என் தம்பியைப் பொறுத்துக்கொண்டு குடித்தனம் நடத்தும் அன்புத் தம்பி மனைவிக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. இங்கே நான், நீ அண்ணன் என்று கூப்பிடும் என் வீட்டுக்காரர், மாடுகள், மண் எல்லோரும் சௌக்கியம். நாத்தனாரிடமிருந்து கடிதம் என்றதும் என்ன குறையோ என்று பதறாதே. இது முழுக்க முழுக்க நன்றிக் கடிதம், நின்றுகொண்டே படிக்கலாம்.

எங்கள் நிலம் சரிவு என்பது உனக்குத் தெரியும். ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் கரைந்து ஓடி, கீழே இருக்கிற உன் அண்ணனுடைய அண்ணன் வயலில் போய் உட்கார்ந்துகொள்ளும். எரு போடுவது நாங்கள், அறுப்பது அவர். போன வருஷம் நீ போனில், குறுக்கே வரப்பு போட்டுக் குட்டை வெட்டினால் பாதிச் செலவை அரசாங்கம் தரும், மீதிப் பாதிக்கு நம் உழைப்பையே பங்காக எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்லி, சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து எனக்காக விண்ணப்பமும் அனுப்பினாயே, அதைக் கேட்டு உன் அண்ணன் சிரித்த சிரிப்பில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது. பாதி கொடுக்கிறவன் மீதிப் பாதியில் எதையோ ஒளித்து வைத்திருப்பான் என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது புது அனுபவம்.

ஆனால் பார், ஆறே வாரத்தில் அலுவலகத்திலிருந்து ஆள் வந்துவிட்டது. முழங்கால் வரை ரப்பர் காலணி போட்ட ஒரு சின்னப் பெண். தண்ணீர் நிரப்பிய நீளக் குழாயின் ஒரு நுனியைத் தான் பிடித்து, மறு நுனியை என்னிடம் கொடுத்து, நிலம் முழுக்க நடக்க வைத்து, மட்டம் பார்த்துச் சுண்ணாம்பில் கோடு போட்டாள். கோடு அங்கே வளைந்து இங்கே நெளிந்து போயிற்று. முப்பது வருஷமாக நேராக உழுத மனுஷனுக்கு அது பொறுக்குமா? கோட்டின்மேல் வரப்பு எழும்பிய நாளிலிருந்து அந்தப் பக்கமே திரும்பாமல் சாப்பிட்டார். ஒரு நாள் நான் சந்தைக்குப் போன நேரம் பார்த்து மண்வெட்டியோடு இறங்கி, நடுவில் பத்தடியை நேராக்கிவிட்டார். அன்று மாலையே கொட்டிய மழையில் சரியாக அந்தப் பத்தடி மட்டும் பிய்த்துக்கொண்டு போனது. மறுநாள் அந்தப் பெண் வேலையைச் சரிபார்க்க வர வேண்டும். அவள் கையெழுத்துப் போடாவிட்டால் முழுச் செலவும் எங்கள் தலையில்தான்.

அவள் உடைப்பின் முன்னால் குனிந்து பார்த்தாள். பெருச்சாளி தோண்டிவிட்டது என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் உன் அண்ணன் முன்னால் வந்தார்.

"நான்தாம்மா வெட்டினேன். கோணலா இருந்தா எனக்குக் கண்ணு உறுத்துது."

அந்தப் பெண் திட்டவில்லை. குழாயின் ஒரு நுனியை அவர் கையில் கொடுத்து, "நடங்க ஐயா. தண்ணி எங்க நிக்கச் சொல்லுதோ, அங்க நில்லுங்க" என்றாள்.

அவர் நடந்தார். தண்ணீர் சொன்ன இடத்தில் நின்றார். நின்ற இடமெல்லாம் முன்பு சுண்ணாம்புக் கோடு போன வழியாகவே இருந்தது. குழாயை அவளிடம் திருப்பிக் கொடுத்து, உடைந்ததைக் கட்ட ஒரு வாரம் அவகாசம் கேட்டார். மூன்றே நாளில் தன் கையாலேயே கோணல் மாறாமல் கட்டி முடித்தார். அடுத்த மழைக்கு எங்கள் மண் எங்களோடு இருந்தது. குட்டை நிரம்பி, இரண்டு நாளில் தெளிந்தும்விட்டது. கரையில் நின்றபோது எனக்கு அழுகை வந்ததை நீ தம்பியிடம் சொல்லாதே. கீழ்வயல் அண்ணன் ஏறி வந்து, இந்த மழைக்கு வண்டல் ஒன்றும் இறங்கவில்லையே, உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா என்று அக்கறையாக விசாரித்தார். அவருக்கு உன் போன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

அரசாங்கத்தின் பாதியும் வந்துவிட்டது. எல்லாம் உன் ஒரு விண்ணப்பத்தால் வந்த வாழ்வு. நீயும் தம்பியும் குழந்தைகளும் நூறு வயசு நிலைத்து, நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது தபால் வந்தது. நீ அனுப்பிய விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்களாம். காரணம், அந்த நிலத்தில் ஏற்கெனவே வரப்பும் குட்டையும் இருக்கின்றனவாம். ஒன்றும் புரியாமல் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். அவள் வந்தது உன் விண்ணப்பத்தைப் பார்த்து இல்லையாம். நீ அனுப்புவதற்கு ஒரு மாசம் முன்பே உன் அண்ணன் நேரில் போய், கைப்பட எழுதிக் கொடுத்த விண்ணப்பமாம் அது. ஒப்புதல் அவர் பெயருக்கு வந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், நான்தான் வழக்கம்போல ஆம்பிளை பெயரை முதலில் போட்டிருக்கிறார்கள் என்று முணுமுணுத்தேன். எழுதிக் கொடுத்துவிட்டு ஏன் அப்படிச் சிரித்து மறைத்தீர்கள் என்று உன் அண்ணனிடம் கேட்டேன். "கிடைக்கலேன்னா உன் முகம் வாடிப் போயிடும்னுதான்" என்று சொல்லிவிட்டு மாட்டைப் பிடிக்கப் போய்விட்டார். ஆகவே தம்பி மனைவியே, மேலே எழுதிய நன்றியில் பாதியை மட்டும் நீ எடுத்துக்கொள். மீதிப் பாதியை நான் இங்கேயே கொடுத்துக்கொள்கிறேன்.