நான் விசாரித்துச் சொன்ன அப்டேட்

பத்திரிகைக்காரனை ஏமாற்றுவது கடினம் என்று ஒரு பேச்சு உண்டு. தவறு. ஒரு பொய்யை இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னால் போதும், அச்சடித்தே கொடுத்துவிடுவான். நான் அச்சடிக்கவில்லை. என் நிச்சயதார்த்தத்தில் வாயாலேயே சொன்னேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. நான் செங்கல்பட்டில் ஒரு நாளிதழின் நிருபர். விபத்தில் எத்தனை பேருக்குக் காயம் என்று போலீஸ் சொன்னாலும் ஆஸ்பத்திரியில் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் எழுதுவேன். அதில் எனக்கு அளவுக்கு மீறிய கர்வம். (பெண் பார்க்கப் போன இடத்தில்கூட இதைக் கால் மணி நேரம் விளக்கினேன். சுமதி சம்மதித்தது அதையும் மீறித்தான்.)

நிச்சயதார்த்தம் மாமல்லபுரத்தில், ஒரு சிறிய மண்டபத்தில். சுமதியின் அண்ணன் ரவிக்கு மஸ்கட்டில் கட்டட வேலை, லீவு கிடைக்கவில்லை. நம் நேரத்துக்குப் பதினொன்றரை மணிக்கு அவருக்குக் கால் மணி நேரம் இடைவேளை. அப்போது பக்கத்து டெலிபோன் பூத்திலிருந்து தன் அப்பாவின் செல்லுக்குக் கூப்பிடுவார்; ஸ்பீக்கரில் போட்டு, லக்னப் பத்திரிகை வாசிப்பதை அவர் கேட்கலாம் என்று ஏற்பாடு. ஒரே தங்கை. அந்த போனே அவர் வாங்கி அனுப்பியதுதான். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரான என் வருங்கால மாமனார் அன்று காலையிலிருந்து சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தே முக்காலுக்கு என் போனில் ஒரு கட்டம் முளைத்தது. ஏதோ செய்தி வருகிறது, ஏற்கவா என்றது. ‘நோ’ அழுத்தினேன். மறுபடி முளைத்தது. ஏழு முறை மறுத்தேன். எட்டாவது முறை ஏற்றபோது, ‘சிஸ்டம் அப்டேட், இன்ஸ்டால் செய்யவா?’ என்றது. வேண்டாம் என்று சொன்னவனுக்கு ஓர் இயந்திரம் தரும் மரியாதையா இது? அன்றே பொங்கினேன். இன்றும் ஆறவில்லை.

கஸ்டமர் கேருக்குப் போட்டேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றார்கள். எல்லாவற்றையும் அழுத்தினேன். பாட்டுப் போட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவே இல்லை.

சரி, நம் வழியில் விசாரிப்போம் என்று வீடியோ எடுக்க வந்த குமாரைக் கேட்டேன். "உனக்கும் இந்த மாதிரி வருதாப்பா?"

"நேத்துலேர்ந்து வந்துகினே கீது சார். ஒரே பேஜாரு. யெஸ் அமுக்கிட்டேன். அப்பால தொல்ல இல்ல."

ஓர் ஆதாரம். அடுத்து, மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்யும் சுமதியின் சித்தப்பா. "இப்பத்தான் மாப்ள எனக்கும் வந்துச்சு. கம்பெனிக்காரன் எல்லாருக்கும் உட்றான் போல."

இரண்டாவது ஆதாரம். வெவ்வேறு ஊர், வெவ்வேறு தொழில். வேறென்ன வேண்டும்? யெஸ் அழுத்தினேன்.

சற்று நேரத்தில் மாமனார் என்னிடம் வந்தார். "தம்பி, இது ஏதோ கேட்டுகிட்டே இருக்கு. ரவி கூப்பிடற நேரம். எதுக்கு வம்புன்னு தொடாம வெச்சிருக்கேன்."

"பயப்படாதீங்க சார். ரெண்டு பேரை விசாரிச்சுட்டேன். அழுத்தலாம்."

அவர் தயங்கினார். (அந்தத் தயக்கத்துக்கு நான் இன்று கோயில் கட்டுவேன்.) போனை வாங்கி, நானே அழுத்திக் கொடுத்தேன்.

பதினொன்றரை ஆனது. புரோகிதர் பத்திரிகையைப் பிரித்துப் பிடித்தபடி காத்திருந்தார். பதினொன்று நாற்பது. மண்டபமே ஒரு சட்டைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பதினொன்று ஐம்பது. "நல்ல நேரம் போகுதுங்க" என்றார் புரோகிதர்.

"அப்பா, போனை வெளிய எடுங்க" என்றாள் சுமதி.

திரை கறுத்துக் கிடந்தது. காலையில் முழு சார்ஜ் ஏற்றிய போன், தொட்டால் சுட்டது. சுமதி சிம்மைக் கழற்றி என் அம்மாவின் சாதா போனில் போட்டாள். அது அடிக்கவில்லை. ரவியின் இடைவேளை முடிந்துவிட்டிருந்தது.

சுமதிக்குப் படூரில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் வேலை. அதாவது, விஷயம் தெரிந்த ஒரே ஆள் எனக்குப் பக்கத்து நாற்காலியில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்தாள். அவளைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

"அனுப்பறது யாருன்னு மொதல்லயே பேர் போட்டுத்தானே கேக்குது. படிச்சீங்களா?"

சித்தப்பாவின் போனைக் காட்டினாள். அவர் இன்னும் யெஸ் அழுத்தியிருக்கவில்லை. ‘புளூடூத் வழியே செய்தி. அனுப்புவது: குமார் வீடியோ.’ வைரஸ். ஒரு போனில் புகுந்ததும் பக்கத்து போன்களுக்கெல்லாம் தன்னையே ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். அந்த உழைப்பில் பேட்டரி காலியாகிவிடும்; மாமனாருடையது பழைய பேட்டரி, அதுதான் முதலில் சாய்ந்தது. அவள் ‘நோ’ அழுத்தினாள். அடுத்த கட்டம் முளைத்தது. அனுப்புவது: என் பெயர்.

வந்த ஆத்திரத்தில் குமார்மேல் பாய்ந்தேன். அவன் கேமராவை இறக்கக்கூட இல்லை.

"நீ இன்னா சார் கேட்ட? வருதான்னு கேட்ட. வருதுன்னேன். நல்லதா கெட்டதான்னு கேட்டியா?"

(அதையும் பதிவு செய்துவிட்டான். கேசட் மாமனார் வீட்டில் இருக்கிறது.)

ரவி இல்லாமலே பத்திரிகை வாசித்தார்கள், தட்டு மாற்றினார்கள். மாமனார் அணைந்த போனைத் துடைத்துச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் திருப்பி நியாயம் பேசியிருப்பேன்.

சாயங்காலம் ரவி கூப்பிட்டார். முதல் கேள்வியே, "நிச்சயம் நின்னுபோச்சாப்பா?" இடைவேளை முழுக்கத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறார், ஒவ்வொரு முறையும் ‘சுவிட்ச் ஆஃப்’. ஏதோ தகராறு என்று முடிவு செய்து, மீதிப் பொழுதெல்லாம் அந்த நினைப்போடு வெயிலில் நின்றிருக்கிறார். மாமனார் போனை என்னிடம் நீட்டினார். அதுவரை எல்லார் மேலும் இருந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"அண்ணே, உங்க அப்பா அழுத்த வேணாம்னுதான் இருந்தாரு. நான்தான் அழுத்தினேன்."

நிச்சயம் நடந்ததுதானா என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார். பிறகு, "நான் வந்தப்பறம் மறுபடி நடத்தணும். ஒரு வார்த்தை கொறையக் கூடாது" என்றார்.

கல்யாணத்துக்கு வந்தவர், முந்தின நாள் நிச்சயதார்த்தத்தை முதலிலிருந்து நடத்தவைத்தார். வாசலில் ஓர் எவர்சில்வர் தட்டோடு அவரே நின்று எல்லார் போனையும் வாங்கினார். என்னுடையதில் பேட்டரியையும் கழற்றினார்.

அதன் பிறகு அந்த வீட்டு விசேஷங்களில் நான் உள்ளே நுழைந்தாலே ஆளாளுக்கு போனை அணைத்துத் தட்டில் வைப்பார்கள். ரவியின் பிள்ளைகள் இது ஏதோ குடும்பச் சம்பிரதாயம் என்றே நம்பி வளர்ந்தார்கள். சமீபத்தில் அவர் மகளுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் அந்தத் தட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் பணிவாகக் கேட்டார்: "நாங்களும் வெக்கணுங்களா? முன்னாடி மாப்ளதான் வெக்கணுமா?"

ரவி சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். நான் தட்டை நீட்டினேன்.