இரண்டு பக்கமும் சூடு

"மாப்பிள்ளை, இது எரியுதா, இல்ல எரியிற மாதிரி எனக்குத் தோணுதா?"

கேட்டுவிட்டுக் குளியல்கூடத்துக்காரர் அண்ணாந்து பார்த்தார். மேலே தொங்கிய பல்பு, காய்ச்சல்காரன் கண்ணைத் திறப்பதுபோல ஒருமுறை மினுக்கிவிட்டு மூடிக்கொண்டது.

"எரியுது மாமா. ஆனா குழாயில கட்டின தகட்டுக்கு ரெண்டு பக்கமும் சூடேறிடுச்சு. ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்ச்சி இருந்தாத்தான் கரண்ட் வரும்."

"நம்ம வீட்லயும் ரெண்டு பக்கமும் சூடாத்தான் இருக்கு," என்றார் மாமனார். ஒரு பக்கம் மனைவி, மறு பக்கம் மகள்.

ஊற்றிலிருந்து குழாயில் வரும் தண்ணீர் இயற்கையிலேயே சூடு. குளிக்கப் போதும், கொதிக்கப் போதாது. ஆனால் உள்ளே மூட்டமாக நிற்கும் ஆவி ஒயரையெல்லாம் அரித்துவிடும். பல வருஷத்துக்கு முன்னால் ஒருவருக்கு ஷாக் அடித்ததும், உள்ளே கரண்டே கூடாது என்று மின்சார ஆபீஸ்காரர்கள் துண்டித்துவிட்டார்கள். வாசலறையில் மட்டும் மின்சாரம் உண்டு. உள்ளே ஜன்னலும் கிடையாது; போகிறவர்கள் இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே தொட்டிக்குப் போவார்கள்.

தொழிற்சாலை மூடியதால் வேலை போய், வீட்டுக் கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்த மாப்பிள்ளைதான் இந்த வழியைச் சொன்னார். வெந்நீர்க் குழாயில் தகடுகளைக் கட்டினால், அந்தச் சூட்டிலிருந்தே கரண்ட் எடுக்கலாம். தொட்டாலும் ஷாக் அடிக்காத அளவு சாதுவான கரண்ட்.

"வேண்டாம்னு சொல்லிடாதீங்கப்பா," என்று மகள் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். "இப்பதான் அவரு எழுந்திரிச்சு சட்டை மாத்துறாரு."

மறுபக்கத்தைக் குளிர வைக்க, வாசலறையில் மோட்டார் போட்டுக் கிணற்றுத் தண்ணீரைத் தகடுகளின் முதுகில் ஓடவிட்டார்கள். பல்பு எரிந்தது. தகடுகளைக் கூட்டினார்கள். இன்னும் நாலு பல்புகள் எரிந்தன.

தொட்டித் தண்ணீர் ஆறிப்போனது.

"ஏன் மாப்பிள்ளை, சூட்டையெல்லாம் பல்பு குடிச்சிருச்சா?"

"பல்பு கொஞ்சந்தான் மாமா குடிக்கும். மிச்சம் கிணத்துத் தண்ணியில போயிடும்."

"அந்தத் தண்ணி எங்க போகுது?"

"சாக்கடைக்கு."

"அப்ப சாக்கடை வெதுவெதுன்னு இருக்கும்."

வாடிக்கையாளர்கள் குறைய ஆரம்பித்தார்கள். தண்ணீர் ஆறியதால்தான் என்று மாமனார் முடிவு செய்து, வாசலறையில் பெரிய ஹீட்டரை வைத்து, குழாய்த் தண்ணீரை அங்கேயே சூடேற்றி உள்ளே அனுப்பினார். சூடு கூடியதும் பல்புகள் இன்னும் பளிச்சென்று எரிந்தன. மாப்பிள்ளை கை தட்டினார்.

"கரண்ட்ட வச்சுத் தண்ணியச் சுட வச்சு, அந்தத் தண்ணிய வச்சுக் கரண்ட் எடுக்கிறோம்," என்றார் மாமனார் மெதுவாக. "நான் சொல்றது சரிதானே?"

"சோதனைக் காலத்துல அப்படித்தான் மாமா."

சோதனை யாருக்கு என்று அவர் கேட்கவில்லை.

கூட்டம் இன்னும் குறைந்தது. இப்போது அவருக்கு வேறு காரணம் தோன்றியது. வெளிச்சத்தில் சுவரின் பாசியும் காரை பெயர்ந்த இடமும் பல்லை இளித்தன. மனைவி வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். நீட்டிய கையைப் பார்த்தாளே தவிர, அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அதை விற்றுச் சுவரெல்லாம் வெள்ளை ஓடு பதித்தார். அதோடு நிற்காமல், தொட்டிக்கு நேர் எதிரே ஆளுயரக் கண்ணாடி ஒன்றையும் மாட்டினார்.

அன்று ஒரே ஒருவர் வந்தார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, வீட்டில் அடுப்பை அணைக்க மறந்துவிட்டதாகச் சொல்லிப் போனார். திரும்பவில்லை.

"அடுத்து பெண்கள் பக்கமும் போட்டுடலாம் மாமா," என்றார் மாப்பிள்ளை. முகத்தில் இப்போது தாடி இல்லை. பக்கத்தில் மகள் சிரித்தாள். கல்யாணத்துக்கு அப்புறம் அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை.

"போடலாம் மாப்பிள்ளை," என்று சொல்லிவிட்டு அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தையல்காரர் கடைக்குக் கிளம்பினார்.

தையல்காரர் வெகுநாள் வாடிக்கை. தினமும் கடைசி மூலையில் உட்கார்ந்து, ஊர்க் கதையெல்லாம் பேசிச் சிரிக்க வைப்பவர். அந்தக் குரலுக்காகவே சிலர் வருவதாக இவர் நினைத்திருந்தார். கடையில் மிஷினுக்குப் பின்னால், கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார்.

"என்னய்யா, ஆளையே காணோம்? நான் ஏதாவது தப்பா பேசிட்டேனா?"

"சேச்சே, அதெல்லாம் இல்ல அண்ணே."

"தண்ணி நல்லா சுடுது. பகல் மாதிரி வெளிச்சம். சுவரெல்லாம் புதுசு. இன்னும் என்னய்யா செய்யணும்? சொல்லு, செஞ்சுடறேன். வேற எவனாவது கடை போட்டிருக்கானா?"

தையல்காரர் எழுந்து கதவைச் சாத்தினார். சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் தீ தின்ற தோல், உருகி உறைந்த மெழுகுபோல மடிந்து கிடந்தது.

இத்தனை வருஷமாகத் தன் தொட்டியில் குளித்தவரை, குளியல்கூடத்துக்காரர் அன்றுதான் பார்த்தார்.

தையல்காரர் அவசரமில்லாமல் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார்.

"கூடக் குளிச்ச லாரிக்காரரு, வாத்தியாரு, அவங்களுக்கெல்லாம் என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. நாங்க கேட்டுக்கிட்டதே இல்ல," என்றார். "வெந்நீர வீட்லயே வச்சுக்கலாம் அண்ணே. நாங்க இருட்டுக்குத்தான் வந்தோம்."