பூம்பாறையில் நான் காட்டிய குறிஞ்சி

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு முப்பத்தொரு வயது ஆகவேண்டியிருந்தது. அதற்கு முன் என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததாக யாரும் சாட்சி சொல்ல முடியாது.

அப்போது பழனியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியராக இருந்தேன். ஆண்டுதோறும் ஐந்திணைப் பாடம் வரும். குறிஞ்சி என்று தொடங்கியதும் வகுப்பின் சன்னல் வழியே தெரியும் மலைத் தொடரை நோக்கிக் கையை நீட்டுவேன். "அதோ, அங்கே பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை" என்று குரலைத் தாழ்த்துவேன். பூவின் நிறம், இதழின் வளைவு, வண்டு அதில் வந்து அமரும் பாங்கு என்று முக்கால் மணி நேரம் போகும். பையன்கள் எழுதிக்கொள்வார்கள். (அந்த மலைக்கு நான் போனதே கிடையாது. பழனிக்காரனுக்கு மலை என்றால் முருகன் இருக்கிற மலை. அதற்குப் படிக்கட்டு உண்டு.)

என் மனைவி சௌந்தரம் அடிவாரத்தில் விபூதிக் கடை வைத்திருந்தவரின் மகள். எங்களுக்குக் கல்யாணமாகி மூன்றாம் வருடம், பங்குனியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. நாற்பத்து மூன்றாம் நாள் காலையில் காய்ச்சல் கண்டது. மாலையில் குழந்தை இல்லை.

சௌந்தரம் அழவில்லை. சமைத்தாள், தண்ணீர் எடுத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அழுதிருந்தால் எங்களுக்கெல்லாம் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். ஆவணி மாதம் ஒரு நாள் மாமனார் என்னைக் கடைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"மாப்பிள்ள, அவள எங்கயாச்சும் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க. இந்த வீட்டுச் சொவத்தையே பாத்துக்கிட்டு கெடக்கா."

வீட்டுக்கு வந்து எங்கே போகலாம் என்று அவளிடம் கேட்டேன். மறுநாள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் கேட்டாள்.

"நீங்க பாடத்துல ஒரு பூவப் பத்திச் சொல்லுவீங்களே. அதக் காட்டுறீங்களா?"

நான்கு மாதத்தில் அவளாக வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். கேட்ட இடமும் சரியான இடம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. முன்பு பூத்த வருடத்தை ஒருவரிடம் விசாரித்து விரல் விட்டு எண்ணினேன். பன்னிரண்டு வந்தது. இந்த வருடம்தான். (எண்ணும்போது அந்தப் பூத்த வருடத்தையே ஒன்று என்று எண்ணிவிட்டேன் என்பது பிறகு தெரிந்தது. தமிழாசிரியரின் கணக்கு.)

காலாண்டு விடுமுறையில் புறப்பட்டோம். அவசரப்படாமல் ஊர் ஊராகத் தங்கிப் போவது என்பது என் திட்டம். முதலில் பெரும்பாறை. சௌந்தரத்தின் பெரியப்பா மகன் அங்கே ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். மூன்று நாள் அவர் வீட்டில் இருந்தோம். ஆரஞ்சு மரங்களுக்கு நடுவே நடந்தோம். மிளகுக் கொடி, காப்பிச் செடி என்று ஒவ்வொன்றையும் அவர் காட்டினார். அவர் காட்டுவதற்கு அரை நிமிடம் முன்னால் எனக்கும் அது தெரியும் என்பதுபோல் நான் தலையாட்டினேன். சௌந்தரம் உரித்துக் கொடுத்த சுளையைத் தின்றாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "பூ எங்க இருக்கும்?" என்றாள்.

"இன்னும் மேல."

கீழே இறங்கி, பஸ் மாறி, கொடைக்கானல் போனோம். மலைப்பாதையில் எனக்கு மூன்று தடவை வாந்தி. அவள் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். யார் யாரைத் தேற்றுவதற்குக் கூட்டிப் போகிறார்கள் என்று கண்டக்டருக்குக் குழப்பமாக இருந்திருக்கும்.

ஏரிக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் அறை எடுத்தேன். மேனேஜர் கோட்டுப் போட்ட மனிதர், நல்ல மாதிரி. சௌந்தரம் உள்ளே போனதும் மிடுக்காகக் கேட்டேன்: "குறிஞ்சி எந்தப் பக்கம் நல்லாப் பூத்திருக்கு?"

அவர் என்னை மரியாதையோடுதான் பார்த்தார். "அது நெக்ஸ்ட் இயர் சார். இந்த சீசன்ல ஒரு பூவும் இருக்காது. அடுத்த வருசம் இதே மாசம் வாங்க, ரூம் நானே ஹோல்டு பண்ணி வைக்கிறேன்."

அறைக்குள் போய் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "நாளைக்குப் பாத்துக்கலாம், பனியா இருக்கு" என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். கொடைக்கானலில் பனிக்குப் பஞ்சமில்லாதது என் அதிர்ஷ்டம்.

மூன்றாம் நாள் காலை ஏரிக்கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எதிர்க்கரை தெரியவில்லை. படகில் யாரோ வெள்ளைக்காரப் பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் மட்டும் வந்தது. சௌந்தரம் வெகு நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ரொம்ப ஆழமோ?" என்றாள்.

நான் சட்டென்று எழுந்துவிட்டேன். (பிற்பாடு ஒருமுறை ஏன் அப்படிக் கேட்டாய் என்று கேட்டேன். "சும்மாத்தான்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். இன்றுவரை அவ்வளவுதான் தெரியும்.) அவள் கையைப் பிடித்து எழுப்பினேன். "வா, பூம்பாறைக்குப் போவோம். அங்கதான் இருக்கு" என்றேன். பூம்பாறை என்ற பெயரில் பூ இருக்கிறது என்பதைத் தவிர எனக்கு வேறு ஆதாரம் இல்லை.

பஸ் ஒரு வளைவு திரும்பியதும் ஊர் கீழே தெரிந்தது. ஓட்டு வீடுகள், சுற்றிலும் படிப்படியாக வெட்டிய தோட்டங்கள். இறங்கி, வரப்போரமாக நடந்தோம். பூண்டு வாசம் காற்றிலேயே இருந்தது. மூன்று படி ஏறியிருப்போம். சௌந்தரம் நின்றாள்.

எதிரே ஒரு பாத்தி முழுக்க முழங்கால் உயரச் செடிகள். செடிக்குச் செடி கொத்துக் கொத்தாகப் பூ. இளம் ஊதா இதழ், நடுவில் மஞ்சள் மூக்கு. பனி விலகி வெயில் அந்தப் பாத்தி மேல் மட்டும் விழுந்திருந்தது.

"இதானா?" என்றாள்.

அது என்ன செடி என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. குறிஞ்சி இல்லை என்பது மட்டும் தெரியும். அவள் முகத்தைப் பார்த்தேன்.

"ஆமா. இதுதான்."

சௌந்தரம் குனிந்து ஒரு கொத்தை மெதுவாகத் தொட்டாள். பிறகு கிள்ளி, கொண்டையில் செருகிக்கொண்டாள். குழந்தை போன பிறகு அவள் பூ வைத்தது அன்றுதான்.

இதோடு நான் வாயை மூடியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. அந்த நேரம் பாத்திக்கு மேல்புறமிருந்து தோட்டக்காரர் இறங்கி வந்தார். பெயர் பொன்னையா என்றார். தலையில் கம்பளி முண்டாசு, கையில் களைக்கொத்து.

"வாங்க சார். எந்தூரு?"

"பழனி. நான் அங்க தமிழ் வாத்தியார். இந்தக் குறிஞ்சிய பாக்கணும்னு இவங்களக் கூட்டிட்டு வந்தேன்."

பொன்னையா பாத்தியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சௌந்தரத்தின் கொண்டையைப் பார்த்தார். "அப்படிங்களா" என்றார்.

அவர் அப்படிச் சொன்னதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் நான் பேசுவேன். அவருடைய தோட்டத்தில், அவர் ஊன்றிய செடிக்கு நடுவே நின்றுகொண்டு, அவருக்கே குறிஞ்சித் திணை நடத்தத் தொடங்கினேன். மலையும் மலை சார்ந்த நிலமும், அந்நில மக்களின் ஒழுக்கம், பூவின் பெருமை. பள்ளியில் முக்கால் மணி. அங்கே கால் மணியில் முடித்தேன். பொன்னையா முண்டாசை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஒரு சந்தேகம் சார். அடுத்த வருசம் அந்த மேல்மலையில நீலமாப் பூக்குமே, அதயும் நாங்க குறிஞ்சின்னுதான் சொல்லுவோம்."

சௌந்தரம் என் பக்கம் திரும்பினாள்.

"அது கருங்குறிஞ்சி" என்றேன். "இது வேற வகை. புத்தகத்துல ரெண்டு வகை சொல்லியிருக்கு."

"படிச்சவங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார் பொன்னையா. அதில் கேலி துளியும் இல்லை. எனக்கு எதிரில் நின்று யாராவது கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மேல் பாத்தியிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. அவர் மனைவி ராக்கம்மா. "என்ன நின்னு பேசிக்கிட்டு. சோலி கெடக்கு, வெரசா வாங்க."

"இங்க வா. பழனியிலேர்ந்து சார் வந்திருக்காங்க. நம்ம வெள்ளாம குறிஞ்சியாம்."

"என்ன வெள்ளாம?"

ராக்கம்மா இறங்கி வந்தாள். இடுப்பில் கை வைத்து எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்குப் புத்தகத்திலும் படித்தவர்களிடத்திலும் பெரிய பயம் இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு செடியின் அடியைப் பிடித்து ஒரே இழுப்பில் பிடுங்கி, மண்ணை உதறி, என் மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். வேரில் ஐந்தாறு உருளைக்கிழங்குகள் தொங்கின. கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரியவை.

"ஆடிக் கடைசியில ஊனுன கெழங்கு சார் இது. இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தாக் கைப்பருமன் வந்திருக்கும்."

கிழங்குகள் ஆடிக்கொண்டிருந்தன. ஒன்று கழன்று என் செருப்பின் மேல் விழுந்தது.

அப்போது பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. எனக்கு முதலில் விளங்கவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவ்வளவு நாளாகியிருந்தது. சௌந்தரம் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்த முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தாள். "கருங்குறிஞ்சி" என்று சொல்ல முயன்றாள். பாதியில் மறுபடி சிரிப்பு. பொன்னையா சிரித்தார். நானும் சிரிக்கலாமென்று வாயைத் திறந்தபோது, அது சிரிப்பாக இல்லை என்று கண்டேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். சிரிப்பு எங்கே முடிந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ஐந்து மாத அழுகை அந்த உருளைக்கிழங்குப் பாத்தியில் வந்தது.

ராக்கம்மா செடியைக் கீழே போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். எங்களைப் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் போயி மாட்டப் பாருங்க" என்றாள்.

மாட்டுக்கு எங்களால் ஆக வேண்டியது எதுவுமில்லை. அது தன்பாட்டில் நின்று அசை போட்டது. நாங்கள் எதிரே நின்றோம். குழந்தை போனதை நான் அவரிடம் சொன்னேன். பொன்னையா மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"எங்களுக்கும் ஒண்ணு போச்சு சார். ரெண்டு வருசமாச்சு."

மாட்டைச் சொல்கிறார் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். அதற்காக இன்னும் வெட்கப்படுகிறேன்.

சிறிது நேரம் கழித்து, "அது என்ன செடின்னு அப்ப எனக்குத் தெரியாதுங்க" என்றேன். வாழ்க்கையில் முதல் முறை.

"அது அப்பவே தெரியும் சார்" என்றார் அவர்.

அன்று அவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டோம். பிடுங்கிய பிஞ்சுக் கிழங்கோடு இன்னும் நான்கு செடியைப் பிடுங்கி, தோலோடு வேக வைத்து, பூண்டும் மிளகும் தட்டிப் போட்டு வதக்கியிருந்தாள் ராக்கம்மா. சௌந்தரம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். முகம் வீங்கியிருந்தது, கண் சிவந்திருந்தது, கொண்டையில் அந்தப் பூ இன்னும் இருந்தது. எடுத்துவிடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை; ராக்கம்மாவும் சொல்லவில்லை. புறப்படும்போது ராக்கம்மா ஒரு கட்டுப் பூண்டைப் பையில் திணித்து, "நாளைக்கு வெள்ளனே வாங்களேன், கோயிலுக்குப் போவோம்" என்றாள். மறுநாளும் போனோம். விடுமுறை முடியும்வரை தினமும் போனோம். ஏரியைப் பார்க்க அதற்குப் பிறகு நேரமில்லை.

மறு ஆண்டு மேல்மலையெல்லாம் நீலமாகப் பூத்தது என்று கேள்விப்பட்டோம். சௌந்தரம் அப்போது எட்டு மாதம். பஸ்ஸில் ஏற்ற மருத்துவச்சி சம்மதிக்கவில்லை. அந்தக் குறிஞ்சியையும் நான் பார்க்கவில்லை. ஆனால் பாடம் மாறிவிட்டது. "நான் நேரில் பார்த்ததில்லை" என்று தொடங்கினேன். பையன்கள் அதையும் எழுதிக்கொண்டார்கள்.

மகள் பிறந்தாள். அவளுக்கு உருளைக்கிழங்கு என்ற சொல் பள்ளிக்கூடம் போன பிறகுதான் தெரியும். எங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயர். குறிஞ்சிப் பொரியல், குறிஞ்சி மசியல், விருந்து என்றால் குறிஞ்சிக் குருமா. ஆறாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் குறிஞ்சி பற்றிச் சிறு குறிப்பு வரைக என்று கேட்டிருந்தார்கள். அவள் எழுதினாள்: "குறிஞ்சியைத் தோலோடு வேக வைத்து, பூண்டும் மிளகும் தட்டிப் போட்டு வதக்க வேண்டும். என் அப்பாவுக்குப் பிடிக்கும். அம்மா பரிமாறும்போது சிரிப்பார்."

அவளுடைய தமிழாசிரியை அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மாலையில் வீட்டுக்கே வந்துவிட்டார். தமிழாசிரியர் வீட்டுப் பிள்ளை இப்படி எழுதலாமா என்று அவருக்கு நியாயமான வருத்தம். நான் தலையைச் சொறிந்துகொண்டு எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தேன். அதற்குள் சௌந்தரம் ஒரு தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"மொதல்ல சாப்பிடுங்க டீச்சர். ஆறிப் போயிரும்."

அவர் ஒரு துண்டை வாயில் போட்டார். நன்றாக இருந்தது போலிருக்கிறது. இன்னொன்று எடுத்தார். "இது என்ன, உருளைக்கிழங்குதானே?" என்றார்.

"தெரியாதுங்க" என்றேன் நான்.