கப்பலால் இறங்கினவர்களுக்குத் தேத்தண்ணி

நோர்வே,
12.07.2013

அன்புள்ள மச்சான் அருளப்புவுக்கு,

அந்தோனியார் துணையால் நானும் மகள் பெற்றிசியாவும் சுகம். நீங்களும் தங்கச்சி மார்த்தாவும் உங்கள் இடது முழங்காலும் அவ்வாறே இருக்க மன்றாடுகிறேன்.

என் தலைமன்னார் வீட்டை பஸ்ரியன் குடும்பம் வாடகைக்குக் கேட்பதாகவும், நான் மகளோடு தங்குவதா திரும்புவதா என்று ஒரே சொல்லில் எழுதும்படியும் கேட்டிருந்தீர்கள். முப்பத்திரண்டு வருடம் படிப்பித்தவனிடம் ஒரே சொல்லில் பதில் கேட்பது நியாயமில்லை. ஆனாலும் சொல்கிறேன்: வருகிறேன். வீட்டைக் கொடுக்க வேண்டாம். காரணத்தையும் கேளுங்கள்.

நம்மூரில் நிலத்தைச் சுற்றிக் கடல். இங்கே கடலைச் சுற்றி மலை. தண்ணீர் ஒரு நீண்ட ஒழுங்கை போல உள்ளே வந்து, இந்தச் சின்ன ஊரின் வாசலில் முடிகிறது. ஊரில் இருநூறு பேர். கோடையில் கிழமைக்கு நான்கு நாள் கப்பல் வந்து மூவாயிரம் பேரை இறக்கிவிடும். உதாரணமாக, மடுத் திருவிழாச் சனத்தை ஒரு வகுப்பறைக்குள் விட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். கப்பல் ஊதியதும் ஊரவர் யன்னல் சீலையை இழுத்து மூடிவிடுவார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. நம்மூர் இறங்குதுறைப் பியரில் இந்தியாக் கப்பல் வந்த காலத்தில், ரயிலுக்குக் காத்திருந்தவர்களுக்கு நாம் தேத்தண்ணி கொடுக்காமல் விட்டோமா? ஆகவே சென்ற கிழமை செவ்வாய், பெற்றிசியா ஆஸ்பத்திரி வேலைக்குப் போனபின் கேத்திலை வைத்தேன், கதவைத் திறந்தேன், வாங்கோ என்று கையைக் காட்டினேன். ஒரு வெள்ளைக்காரப் புருஷனும் பெண்சாதியும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்தார்கள், நல்ல மனுசர், மாதா படத்துக்குத் தலை குனிந்தார்கள், அதற்குள் பின்னால் வழிகாட்டி பிடித்த ஒரு கொடி தெரிந்தது, கொடிக்குப் பின்னால் இருபது பேர், மேட்டில் பழைய மீனவர் வீடு ஒன்றைக் காட்சிசாலையாக வைத்திருக்கிறார்கள், அது இதுதான் என்று நினைச்சிட்டினம் மச்சான், ஒருத்தரும் கதிரையில் இருக்கமாட்டினம், கதிரையைப் படம் பிடிக்கினம், தேத்தண்ணிக் கோப்பையைத் தொடாமல் சுற்றி நின்று பார்க்கினம், நான் சாரத்தோட நிக்க என்னையும் படம் பிடிக்கினம்.

அந்த நேரம் பெற்றிசியா வந்தாள்.

“அப்பா, ஆர் இவையெல்லாம்?”

“விருந்தாளியள், பிள்ளை.”

“எந்த விருந்தாளியப்பா அலுமாரியைத் திறந்து என்ர உடுப்பை எண்ணுறது?”

அடுத்த நாளே வாசலில் நான்கு மொழியில் பலகை வைத்தாள்: இது குடியிருக்கும் வீடு. அதன் பின் ஒருவரும் வருவதில்லை. யோசித்துப் பார்த்தேன். மூன்று மாதத்தில் என்னைப் பார்க்கவென்று இந்த வீட்டுக்கு யாரும் வந்ததில்லை. வந்தவர்களும் காட்சிசாலை என்று நம்பித்தான் வந்தார்கள். மகளில் குறையில்லை, பகலெல்லாம் வேலை, மாலையில் களைப்பு. ஆனால் கேத்தில் வைக்கிறவனுக்குக் குடிக்க ஓர் ஆள் வேண்டும். ஆகவே வருகிறேன். கிணற்றை இறைத்து வையுங்கள்.

மார்த்தாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பும் ஆசீரும். முழங்காலுக்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு,
அமிர்தநாயகம்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் ஒரு சங்கதி. மகளின் பலகைக்குக் கீழே சோக்கட்டியால் தமிழில் “வாங்கோ” என்று எழுதியிருந்தேன், இங்கே ஆருக்கு விளங்கப் போகுது என்று. இன்று பக்கத்து வீட்டுக் கிழவர், மூன்று மாதமாக என்னைத் திரும்பியும் பாராத மீனவர், அதை விரலால் தொட்டு என்னவென்று கேட்டார். கதவைத் திறந்து காட்டினேன். தொப்பியைக் கழற்றினார், கதிரையில் இருந்தார், மூன்று கோப்பை குடித்தார். போகும்போது காய்ந்த மீன் ஒன்றை மேசையில் வைத்துவிட்டு, மணிக்கூட்டில் நாலைத் தொட்டுக் காட்டினார். நாளைக்கும் வருவார் போல. வந்த நேரம் கதவு பூட்டிக் கிடந்தால் அந்த மனுசன் என்ன நினைப்பார்? வீட்டை பஸ்ரியனுக்கே கொடுங்கோ.