மஞ்சள் மூஞ்சி

அந்தச் சிறுத்தையைக் கொன்றே தீருவது என்று காஜா நஜ்முதீன் காலைத் தேநீர் ஆறுவதற்குள் முடிவு செய்துவிட்டார். ஷார்ஜாவில் இருபத்திரண்டு வருஷம் கிடங்கு காத்த மனுஷன். கோட்டுச்சேரிக்குத் திரும்பிய எட்டே மாதத்தில் ஓர் ஆட்டைக் காக்க முடியவில்லை.

போனது செவலை. வயிற்றில் குட்டி. முந்தின நாள் அந்தியில் நண்டலாற்றுப் பக்கமிருந்து வந்த சிறுத்தை, அதைக் கொட்டகையிலிருந்து வாய்க்கால் கரைவரை இழுத்துப்போய்ப் பாதி தின்றிருந்தது. அவர் ஊரில் இல்லாத காலமெல்லாம் மனைவி ஜுவைரியாவுக்குத் துணை அந்த ஆடுகள்தான். அவள் அழவில்லை. மிச்சமிருந்த ஆறையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். அதுதான் அவரைக் குத்தியது. படலைச் சாத்துகிறேன் என்று சொல்லிவிட்டு, கைப்பேசியில் பேசிய மும்முரத்தில் திறந்தே விட்டவர் அவர்தான். சிறுத்தை படலை உடைத்துவிட்டது என்றார். முழுசாக நின்ற படலை அவள் ஒருமுறை பார்த்தாள்.

வனத்துறைக்காரர்கள் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். அந்திக்கு முன்பே ஆடுகளைச் சுவரும் கூரையும் உள்ள இடத்தில் பூட்டுங்கள், கருவை முட்புதரை வெட்டுங்கள், விளக்கு எரியட்டும், சிறுத்தையை ஒன்றும் செய்யாதீர்கள், அது தன் வழியில் போய்விடும். ஜுவைரியா உடனே அவருடைய ஏசி அறையைக் காட்டினாள். கிரில் கதவு போட்ட அறை. ஆட்டுக்கு ஏசி, எனக்குக் கொட்டகையா என்று அவர் எகிறினார். மதியம் பூச்சிமருந்து பாட்டிலோடு வந்தார்.

"மிச்சத்தைத் தின்ன அது திரும்ப வரும். ஒரு வாய் போதும்."

"மூணு வருஷம் முன்னாடி நரிக்குன்னு ஒருத்தர் இதே கரையில மருந்து வச்சார் மச்சான். நரி சாகல. நாலு நாயும் ஒரு கன்னுக்குட்டியும் செத்துச்சு. நான்தான் குழி தோண்டினேன்."

"நீ உள்ள போ."

போய்விட்டாள். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரே சொல்லுக்கு அவள் அடங்கியது அதுதான் முதல் தடவை. அப்போதே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பாட்டிலைப் பரணில் வைத்துவிட்டு அஸர் தொழப் போனார். திரும்பி வந்து, விஷக்காற்று ஏறாமல் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, பாட்டிலில் இருந்த மஞ்சள் மருந்து முழுவதையும் செவலையின் மேல் ஊற்றினார்.

விடிந்ததும் வாசலைத் திறந்தார். படியில் பக்கத்து வீட்டு சிவப்ரியாவின் நாய் படுத்திருந்தது. அதன் பெயர் டைகர். கல்யாணத்துக்கு நலங்கு வைத்தது போல மூஞ்சியெல்லாம் மஞ்சள். அவரைப் பார்த்து வாலாட்டியது.

செவலையைத் தின்றுவிட்டு வந்திருக்கிறது. சிவப்ரியாவின் வாய் பேசாத மகளுக்கு அந்த நாய்தான் எல்லாம். அவர் படியிலேயே உட்கார்ந்து அதன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். இப்போது நுரை தள்ளும், இப்போது கால் இழுக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். செவலையும் போய், இதுவும் என்னால் போகிறதே என்று வாய்விட்டு அழுதார். படலை நான்தான் சாத்தவில்லை என்றும் நாயிடம் சொன்னார்.

அரைமணி நேரம் கழித்து ஜுவைரியா தேநீரோடு வந்தாள்.

"அழுது முடிச்சாச்சா? அது மஞ்சத்தண்ணி. மருந்தை நேத்தே ஆழமா புதைச்சாச்சு."

அவருக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. நாயைக் கட்டிக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுதார். அன்றே ஆடுகள் ஏசி அறைக்குக் குடியேறின. அவர் நாள் முழுக்கக் கருவை வெட்டினார். அந்திக்குச் சிறுத்தை வந்தது. அறையைச் சுற்றி நடந்த தடம் மறுநாள் மண்ணில் இருந்தது. பிறகு அது வரவில்லை.

ஆனால் ஊரில் இன்னும் எத்தனை பாட்டில் பரணில் இருக்கிறதோ? வீடு வீடாகப் போய் எடுத்துச் சொல்வது ஓர் ஆண்மகன் செய்யவேண்டிய வேலை என்று, யாரும் தூண்டாமல் தானாகவே அவருக்குத் தோன்றியது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். முதலில் சிவப்ரியா வீடு. தொண்டையைச் செருமி, "ஆட்டை அந்திக்கு முன்னாடி பூட்டணும், மருந்து கிருந்து வைக்கக் கூடாது" என்று தொடங்கினார்.

"தெரியும் பாய். உங்க வீட்டம்மா நேத்தே எல்லா வீட்டுக்கும் வந்து சொல்லிட்டாங்க. நாளைக்கு அவரும் வருவாரு, புதுசா கேக்குற மாதிரி கேட்டுக்கங்கன்னாங்க. சொல்லுங்க."