கோல்ஃப் ஆடக் கட்டிய கை

தெரியாது என்று சொல்லவேண்டிய இடத்தில் ‘கொஞ்சம் தெரியும்’ என்று சொல்லித் தொலைக்கிற வியாதி எனக்கு உண்டு. நீச்சல், இந்தி, கேரம்போர்டு என்று அது என் மானத்தை வாங்காத துறை இல்லை. ஆனாலும் கோல்ஃபில் வாங்கியதைப்போல வேறெதிலும் வாங்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. காய்கறி விதை விற்கும் கம்பெனி ஒன்றில் திண்டுக்கல் பகுதிக்கு நான் விற்பனைப் பிரதிநிதி. (பை நிறையத் தக்காளி விதையோடு ஒட்டன்சத்திரம் வரை மொபெட்டில் அலைகிறவனுக்கு அப்படியொரு பட்டம்.) திடுதிப்பென்று ராய்ப்பூருக்கு மாற்றல் வந்தது. என் மனைவி செல்விக்கு அப்போது ஏழாம் மாதம். முதல் பிள்ளை தங்காமல் போயிருந்ததால், பயணமே கூடாது என்றிருந்தார் டாக்டர். மாற்றலை நிறுத்தக்கூடியவர் மண்டல மேலாளர் ஒருவர்தான். கெஞ்சலாம் என்று போன் போட்டால், அவர் முந்திக்கொண்டார்.

“அடுத்த ஞாயித்துக்கிழமை கொடைக்கானல்ல கோல்ஃப் ஆட வர்றேன். நீங்க ஆடுவீங்களா?”

“கொஞ்சம் ஆடுவேன் சார்.”

கையில் எட்டு நாள். பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த கோல்ஃப் புத்தகம் ஒன்று கிடைத்தது. பக்கத்து ஊரான அகரத்தில் மாமனாரின் தென்னந்தோப்புதான் மைதானம். இரவல் ஹாக்கி மட்டை, பந்துக்கு எலுமிச்சம்பழம். செல்வி நாற்காலியில் உட்கார்ந்து, வயிற்றின்மேல் புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு வாசிப்பாள்.

பந்திலிருந்து தோள்வரை ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்ததாக நினைத்துக்கொள்ள வேண்டுமாம். மட்டை அந்தச் சாய்மானத்தை விட்டு விலகாமல் ஏறி இறங்க வேண்டுமாம். செல்வி துணி காயப்போடும் நைலான் கொடியைத் தரையிலிருந்து தென்னைமரத்துக்குச் சாய்வாகக் கட்டிக்கொடுத்தாள். அதைப் பார்த்து ஏற்றி இறக்கப் பழகிவிட்டேன். பிரச்சினை கையில்தான். மட்டை பந்தில் படும்போது இடது கை விறைப்பாக நீண்டிருக்க வேண்டும். நானோ சின்ன வயதிலிருந்து மண்வெட்டி பிடித்தவன். மண்ணைத் தொட்டவுடன் கை தானாக மடங்கித் தன் பக்கம் இழுக்கும். எலுமிச்சை அசையாது, மண் மட்டும் காலடிக்கு வந்து சேரும்.

“மறுபடி மடக்கிட்டீங்க!”

“நான் எங்க மடக்குனேன்? அதுவா மடங்குது.”

“வாய்க்கா வெட்டவா கூப்பிட்டாக? நீட்டுங்க!”

சனிக்கிழமை சாயங்காலம் செல்வி பொறுமையிழந்தாள். இரண்டு மூங்கில் பத்தைகளை இடது முழங்கையின் இருபுறமும் நீளவாக்கில் வைத்துப் பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டினாள். காபியோடு வந்த மாமியார் டம்ளரைக் கீழே போட்டார்.

“அடியாத்தி! மாப்ளைக்குக் கை ஒடிஞ்சிருச்சே!”

“ஒடியலம்மா, விளையாடப் பழகுறாரு” என்றாள் செல்வி.

“நல்லா இருக்குற கைக்கு யாராச்சும் கட்டுப் போடுவாகளா? எங்கிட்டயே மறைக்கிற பாரு!”

இரவுச் சாப்பாட்டில் எனக்கு மட்டும் ஆட்டுக்கால் சூப் இருந்தது.

மறுநாள் கட்டின்மேல் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு கொடைக்கானல் போனேன். மேலாளர் தன்னுடைய மட்டையையே கொடுத்து, “நீங்க ஆரம்பிங்க” என்றார். கண்ணாடியை நினைத்துக்கொண்டு ஓங்கினேன். கை மடங்கவில்லை, அது சத்தியம். ஆனால் மடங்காத கையோடு ஆளே சேர்ந்து சாய்ந்ததில் மட்டை தரைக்குள் இறங்கியது. பந்து இருந்த இடத்தில் இருக்க, சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் புல் பெயர்ந்து பறந்து அவருடைய வெள்ளை ஷூவின்மேல் உட்கார்ந்தது. சட்டை முழங்கையில் கிழிந்து மூங்கில் எட்டிப் பார்த்தது.

அவர் ஷூவைப் பார்க்கவில்லை, மூங்கிலைப் பார்த்தார். குரல் இளகிவிட்டது.

“ஒடிஞ்ச கையோடயா ஆட வந்தீங்க?”

‘ஆமாம் சார்’ நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் மாற்றல் நின்றுவிடும்போலத்தான் இருந்தது. ஆனால் அந்த மனுஷர் என் கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்ற விதத்தில் பொய் வரவில்லை.

“ஒடியல சார். எனக்குக் கோல்ஃப் தெரியாது. கை மடங்கக் கூடாதுன்னு சம்சாரம் கட்டிவிட்டா. அவளுக்கு ஏழு மாசம் சார். இப்ப ராய்ப்பூர் கூட்டிட்டுப் போக முடியாது.”

அவர் என் கையை விட்டுவிட்டு, ஷூவின்மேல் இருந்த புல்லைத் தட்டிவிட்டார்.

“இதை போன்லயே சொல்லியிருந்தா பஸ் காசு மிச்சம்லய்யா? மாற்றலை நான் பாத்துக்கறேன், போங்க.” இரண்டடி எடுத்து வைத்தவனைத் திரும்பக் கூப்பிட்டார். “அந்தக் கட்டை அவுத்து எனக்குப் போட்டுவிடுங்க. பதினஞ்சு வருஷமா எனக்கும் மடங்குது.”

(அவர் அடித்த பந்து மரத்துக்குள் போனது. கை மடங்கவில்லை என்பதில் அவருக்கு அப்படியொரு சந்தோஷம்.)

மாற்றல் ரத்தானது. மகள் நல்லபடியாகப் பிறந்தாள். கட்டில்லாமல் வீடு திரும்பிய என்னைப் பார்த்த மாமியார், ஒரே ராத்திரியில் எலும்பு ஒட்டியது தன் சூப்பால்தான் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். இன்றுவரை சொந்தக்காரர் கல்யாணங்களில் நான் சாம்பார் வாளியைத் தூக்கப் போனால், “அவரை விடுங்கப்பா, ஒடிஞ்ச கை!” என்று நாலு பேர் ஓடிவந்து பிடுங்கிக்கொள்கிறார்கள். முதல் சில வருஷம் மறுத்துப் பார்த்தேன். இப்போதெல்லாம் இடது கையை லேசாகத் தாங்கிப் பிடித்தபடி முதல் பந்தியில் போய் உட்கார்ந்துவிடுகிறேன்.