‘உள்’ பெட்டியில் ஒரு டிக்

வாடிக்கையாளரான ஒரு கிடங்குக்குப் போயிருந்த உதவிக் கோப்பில், அச்சடிப்பது எப்படி என்ற பக்கத்தில் இப்படி இருந்தது: ‘பட்டனை மூன்று முறை அழுத்தினால்தான் வேலை செய்யும். வாடிக்கையாளரிடம் சொல்லாதே.’

உதவியக்கா அந்த வரியை இன்னொரு முறை படித்தாள்.

மென்பொருளுக்கு உதவிப் பக்கங்கள் எழுதுவதால் அலுவலகம் வைத்த பெயர் அது. ஒவ்வொரு பத்திக்கும் அவள் ஒரு லேபிள் போடுவாள். ‘வெளி’ என்றால் வாடிக்கையாளருக்கு. ‘உள்’ என்றால் அலுவலகத்தாருக்கு மட்டும். கோப்பை உருவாக்கும்போது எந்த லேபிளின் பெட்டியில் டிக் இருக்கிறதோ அந்தப் பத்திகள் மட்டும் சேரும். ‘உள்’ பெட்டியில் டிக் இருந்தது. எத்தனை நாளாக என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

டிக்கை எடுத்தாள். புதுக் கோப்பை அனுப்பினாள். பத்தே நிமிடத்தில் வரவேற்பறைப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, கிடங்குக்காரங்க போன். உதவிக் கோப்பு எழுதறது யாருன்னு கேட்டாங்க."

"என்னைச் சொல்லிட்டியா?"

"பின்ன? நேர்ல வராங்களாம்."

அந்த வரியைப் பார்த்துவிட்டார்கள். சில பத்திகளில் இரண்டு லேபிளும் இருப்பதால் அவை இன்னும் கோப்பில் சேர்கின்றன என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ‘உள்’ எங்கிருந்தாலும் தள்ளிவிடு என்று விதியை மாற்றி, மறுபடி அனுப்பினாள். பாதிப் பக்கங்கள் காணாமல் போயின. அச்சடிக்கும் பக்கத்தில் ‘கவனம்’ என்ற சொல் மட்டும் தனியாக நின்றது.

"அக்கா, அவங்கதான். அச்சுப் பக்கம் காலியாம். கார்ல ஏறிட்டாங்க."

பின்னாலேயே மேலாளர் வந்தார்.

"ரெண்டு வருஷமா ஒரு புகார் சொல்லாத மனுஷங்கம்மா. ஒரே காலையில ரெண்டு போன். என்ன பண்ணி வெச்சே?"

சொன்னாள். மேலாளர் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லாதேன்னு அவங்ககிட்டயே எழுதிக் குடுத்தியா? வேரோட புடுங்கு. இனிமே ஒரு வரி அவங்க கண்ணுல பட்டுது, உனக்கு இங்க நாற்காலி இல்ல."

மூலக் கோப்பிலிருந்தே எல்லா ‘உள்’ பத்திகளையும் தேர்ந்தெடுத்தாள். நானூற்றுப் பன்னிரண்டு. ‘மீட்க முடியாது, அழிக்கவா?’ என்று கணினி கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு ‘ஆம்’ என்றாள். மூன்றாவது கோப்பு போய்ச் சேரவும் வாசலில் கார் நிற்கவும் சரியாக இருந்தது.

கிடங்கு முதலாளி உள்ளே வந்தார். பின்னால் அவருடைய குமாஸ்தா, வியர்த்து வழிந்துகொண்டு.

மேலாளர் முந்திக்கொண்டார். "சார், ஏதோ தெரியாம நடந்துபோச்சு. அந்த வரியெல்லாம் இனிமே உங்க கண்ணுல படாது. சுத்தமா அழிச்சாச்சு."

முதலாளி குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா, யாரும் உட்காரச் சொல்லாமலே, உதவியக்காவின் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அழிச்சுட்டீங்களா? ரெண்டு வருஷமா அந்த ‘சொல்லாதே’ வரிகளை வெச்சுத்தானே சார் உங்க சாஃப்ட்வேரை ஓட்டிட்டிருந்தோம்."